அப்பாவின் கும்பகம்

யாராவது என்னிடம், "மூச்சை இழுத்துப் பிடி, கோபம் அடங்கும்" என்று சொன்னால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். அதற்குக் காரணம் ஐந்தாம் வகுப்பில் நான் செய்த ஒரு காரியம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்தவர். யோகா தினத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் எங்களுக்குக் கும்பகம் பழக்கத் தொடங்கினார். மூச்சை இழுத்து உள்ளே நிறுத்துவது கும்பகம். நிறுத்திய மூச்சு கசியாமல் உடம்பைப் பூட்டுவது பந்தம். மோவாயை நெஞ்சுக்குழியில் அழுத்திக் கழுத்தைப் பூட்டினால் ஜாலந்தர பந்தம். அடியிலிருந்து இறுக்கி மேலே இழுத்தால் மூலபந்தம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஆகாது என்று சேருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாங்கள் பன்னிரண்டு எண்ணுவதற்குள் யாராவது ஒருத்தி சிரிப்பாள், எல்லோருடைய பூட்டும் திறந்துவிடும்.

"எங்க அப்பா அம்பது எண்ணுற வரைக்கும் புடிப்பாங்க சேர்," என்றேன்.

பொய்யில்லை. அப்பாவுக்கு வேலை இஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சனிக்கிழமைகளில் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். சல்லடை அறையில் எழும் தூசியில் உள்ளே நிற்பவர் முகம் தெரியாது. அப்பா வாசலில் நின்று நன்றாக மூச்சை இழுப்பார். மோவாயை நெஞ்சோடு அழுத்திக் கழுத்தில் சுற்றிய துவாய்க்குள் புதைப்பார், வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போவார். சல்லடைக்கு அடியில் குவிந்ததை அள்ளிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் மூச்சை விடுவார். நான் சோற்றுக் கேரியரோடு நின்று எண்ணுவேன். எனக்கு அது ஒரு விளையாட்டு.

நான் விவரித்ததைக் கேட்டுச் சேர் அசந்துபோனார். "உம்மட அப்பாவோ? ஆரிட்டப் பழகினவர்? யோகா தினத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாரும் பிள்ளை."

அப்பா மாட்டேன் என்றார். நான் இரண்டு நாள் அழுதேன். அம்மா, "புள்ள ஆசப்படுதுல்ல, போயிட்டுத்தான் வாங்களேன்," என்றார். கடைசியில் திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா வந்தார்.

தோட்டத்து மேலாளரான துரைதான் பிரதம விருந்தினர். மாலை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நம் தோட்டத்திலேயே ஒரு யோகி இருக்கிறார் என்று சேர் அறிவித்தார். அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்து, மோவாயைத் தாழ்த்தினார். பள்ளிக்கூடமே எண்ணியது. ஐம்பது தாண்டி அறுபத்திரண்டில் விட்டார். விட்டதும் இருமல் வந்தது. வந்த இருமல் நிற்கவேயில்லை. இருமிக்கொண்டிருந்த மனிதருக்கு அத்தனை பேரும் கைதட்டினோம். எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன். இப்போது அந்தக் கைகளை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

துரை தானே மேடைக்கு வந்து அப்பாவின் தோளில் தட்டினார். எப்படிப் பழகியது என்று எல்லோருக்கும் சொல்லும்படி மைக்கை நீட்டினார்.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "பழகலைங்க தொரை. சல்லடை ரூம்ல தூசிய வெளிய தள்ளுற காத்தாடி ஓடி மூணு வருஷமாச்சுங்க. இஸ்டோரப் பாத்துக்குற டீமேக்கர் ஐயாகிட்ட எத்தனையோ தடவ சொல்லியாச்சு. மூச்சப் புடிச்சாத்தான் உள்ள போக முடியும். அங்க வேல செய்யிற நாலு பேரையும் கூப்புடுங்க, நாலு பேரும் செய்வாங்க."

துரை சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன், அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. சேர் மைக்கைப் பிடுங்கி எங்களைத் தேவாரம் பாடச் சொன்னார். அப்பாவைக் கூட்டி வந்ததற்காக எனக்கென்று எடுத்து வைத்திருந்த பரிசு மேசையிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்தபோது அப்பாவை மலைக்கு அனுப்பினார்கள். மழைத்தண்ணீர் ஓடும் கான்களை வெட்டும் வேலை. இஸ்டோரில் கூரையாவது இருந்தது. மாலையில் கால் முழுக்க அட்டைக்கடியோடு வந்தார். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல," என்று திட்டிக்கொண்டே அம்மா உப்பு எடுத்து வந்தார். நான் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். என் மானத்தை மேடையில் வாங்கிய மனிதரோடு என்ன பேச்சு?

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு இஸ்டோர் வழியாக வந்தேன். சல்லடை அறைச் சுவரில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பறந்த தூசி வெளியிலிருந்த செடிகளில் படிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீடுவரை ஓடினேன். அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து கணுக்காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"காத்தாடி நல்லாத்தான் ஓடுது. அத்தன பேரு முன்னாடி பொய் சொல்லிட்டீங்க!"

அவர் கை நின்றது. "ஓடுதா? நல்லா பாத்தியா பாப்பா?"

"பாத்தேன்."

"தூசி வெளிய வருதா?"

"வருது."

அப்பா சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார். கையில் பிடித்திருந்த அட்டையைக்கூட மறந்துவிட்டார். பொய் பிடிபட்ட ஆள் வெட்கமில்லாமல் சிரிக்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.