எடுத்துட்டேன்

மதியழகன் தன் தங்கை புருஷனின் காதைக் கடித்துத் துப்பியது கோர்ட்டு வராந்தாவில். ஆயுள் தண்டனை என்று நீதிபதி வாசித்து முடித்து, போலீஸ்காரர்கள் வசந்தை வெளியே கூட்டி வந்த நேரம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தவன் குறிவைத்தது கழுத்தைத்தான். பல்லுக்கு அகப்பட்டது காது மடல். லத்தி முதுகைக் கிழித்த பிறகுதான் விட்டான். வாயோரம் ரத்தம் வழிய, "ஆயுளு இன்னா ஆயுளு? தூக்குல போடுங்கடா அவன!" என்று கத்தினான்.

தங்கை ஜோதியின் பிணத்தை முதலில் பார்த்தவன் அவன்தான். ஷூ கம்பெனிகளில் தோலை வெட்ட 'டை' என்று ஓர் இரும்பு அச்சு உண்டு. அதன் விளிம்பு முழுக்கக் கத்தி முனை. வீட்டில் வைத்து வேலை செய்ய வசந்த் கொண்டுவந்திருந்த அச்சு அது. யாரோடு போனில் பேசினாய் என்று ஆரம்பித்த சண்டையில் அதையே எடுத்து அவள் தலையில் இறக்கினான். ஒரு முறையோடு நிறுத்தவில்லை. மதியழகன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, தங்கையின் நெற்றியில் ஷூ முனையின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் அவளுடைய மூன்று வயது மகள் நிஷா, அழக்கூடத் தெரியாமல் விரல் சூப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் தூக்கிய குழந்தையை அவன் இறக்கி விடவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. விண்ணமங்கலத்து வீட்டிலிருந்து ஆம்பூருக்குப் போய், ஒரு கம்பெனியின் வெட்டும் பிரிவில் அதே இரும்பு அச்சுகளோடு மாரடித்து அவளை நர்சிங் படிப்புவரை கொண்டுவந்தான். அவள்மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ஆனால் 'கொலகாரன் பொண்ணு' என்று அவள் காதுபடச் சொன்ன ஒருத்தனின் முன்பற்கள் இரண்டும் தெருச் சாக்கடையில் போயின.

டீக்கடையில் ஜெயில் பேச்சு வந்தால் போதும், கிளாஸ் உடையும். "பதினாலு வருஷம் பத்தாதுடா. செத்தவ திரும்பி வர்ற வரைக்கும் உள்ள இருக்கணும்" என்பான். உடன் வேலை செய்யும் இன்பராஜ் ஏற்றிவிடுவான்: "உள்ள கோழிக்கறியாம் மதி, ஷூ தைக்க டிரெய்னிங்காம். நம்மள மாதிரி ஒழுங்கா இருந்தவனுக்கு ஒரு மயிரும் கெடையாது."

பதினாலு வருஷம் முடிந்தது. வசந்த் வெளியே வந்தான்.

முதலாளி மக்பூல் அகமது மதியழகனைத் தனியாகக் கூப்பிட்டார். "மதி, ஜெயில்ல ஷூ வேலை செஞ்சு வந்தவன்னு ஒரு ஆளைச் சொன்னாங்க. யாருன்னு விசாரிச்சா உன் தங்கச்சி புருஷன். தண்டனை முடிஞ்சவன் எங்கயாவது சாப்பிடணும்ல? ஆனா நீ வேணாம்னா இப்பவே அனுப்பிடறேன்."

மதியழகன், "எடுத்துக்கங்க பாய். என் மெஷின்லயே போடுங்க" என்றான்.

முதலாளி எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊரும் மெச்சியது. மனசு பெரிய மனசு என்றார்கள். அவன் மனதில் அப்போது இருந்ததெல்லாம் அந்த மெஷின்தான்.

மேலிருந்து இறங்கி, அச்சை அமுக்கித் தோலை வெட்டும் மெஷின். இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால்தான் இறங்கும். கை நசுங்காமல் இருக்கவே அப்படிச் செய்திருந்தார்கள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று வெட்டும் பிரிவு ஆட்கள் ஒரு பொத்தானில் தோல் துண்டைச் செருகி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். முதலாளி ஷெட்டுக்குள் வரும்போது மட்டும் அவிழ்ப்பார்கள். கட்டிய பிறகு ஒரு விரல் போதும்.

வசந்த் தோலை விரித்து அச்சை வைப்பான்; மதியழகன் அழுத்துவான். ஒவ்வொரு முறையும் கையை வெளியே எடுத்ததும் வசந்த், "எடுத்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்வான். ஜெயிலில் பழக்கிய முறை. சொல்லாமல் ஒரு முறைகூட விட்டதில்லை. ஷெட்டே சிரித்தது.

"இன்னா எடுத்த? பர்ஸையா?" என்றான் இன்பராஜ். "ஜெயில்ல நல்ல புள்ளையா வளத்துட்டாங்கப்பா!"

வசந்த் கடிபட்ட காதைத் தடவிக்கொண்டு அடுத்த அச்சை வைப்பான். அந்தக் கை உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மதியழகன் நாள் முழுக்கப் பார்த்தான். இந்தக் கைதான். ஒவ்வொரு முறையும் விரல் பொத்தானில் துடித்தது. நிஷாவின் முகம் நினைவுக்கு வரும், விரல் நிற்கும். "எடுத்துட்டேன்" வரும், அழுத்துவான்.

ஒரு நாள் சாப்பாட்டு மணிக்கு முன்னால், குனிந்து தோலைச் சரிசெய்தபடியே வசந்த் கேட்டான்: "பாப்பா இன்னா படிக்குது, மச்சான்?"

அந்த வாயிலிருந்து 'பாப்பா' என்ற சொல். நெற்றியில் பதிந்த வளைவு மதியழகனின் கண் முன்னால் வந்தது. அழுத்தினான்.

எலும்பு நொறுங்கிய சத்தத்துக்குப் பிறகுதான் அலறல் வந்தது. தோலோடு சேர்ந்து நான்கு விரல்களும் அச்சுக்குள் சுத்தமாக வெட்டுப்பட்டுக் கிடந்தன. ரத்தம் மதியழகன் சட்டையில் அடித்தது. அவன் துடைக்கவும் இல்லை, நகரவும் இல்லை. இன்பராஜ்தான் துண்டைச் சுற்றி வசந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

போலீஸ் வரும் என்று மதியழகன் வீட்டுத் திண்ணை இருட்டில் காத்திருந்தான். யாரும் வரவில்லை. மறுநாள் நிஷா வந்தாள், வசந்தைச் சேர்த்திருந்த வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து. அப்பன் முகத்தை அவள் விவரம் தெரிந்து பார்த்தது அன்றுதான்.

"போலீஸ்ல அவரு இன்னா சொன்னாரு தெரியுமா மாமா? கைய எடுக்கறதுக்கு முன்னாடியே வாய் தவறி 'எடுத்துட்டேன்'னு சொல்லிட்டாராம். தப்பு தன்மேலதானாம்."

மதியழகன் நகத்திடுக்கில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுரண்டினான்.

"சொன்னாரா, மாமா?"

"இல்ல."

"தெரியும். ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்டேன். 'உன் மாமன் உள்ள போய்ட்டா உனக்கு யாரும்மா இருக்கா'ன்னாரு. பாசம் வந்துருச்சுன்னு நெனைக்காத. எங்கம்மாவக் கொன்னவரு. அது மாறாது. ஆனா அவருக்குப் பதினாலு வருஷம் பத்தாதுன்னு ஊரெல்லாம் சொன்னியே மாமா, உனக்கு எவ்ளோ? நீயே சொல்லு."

மதியழகன் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்தான்.

"எங்க போற?"

"ஸ்டேஷனுக்கு. அவன் சொல்லலன்னு சொல்றதுக்கு."

அவள் தடுக்கவில்லை. உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்ட்டுட்டுப் போ."

மதியழகன் உட்கார்ந்து தட்டில் கையை வைத்தான். சோற்றில் புதைந்த தன் ஐந்து விரல்களையும் பார்த்தவன், பிசையாமல் அப்படியே இருந்தான்.

"ஆறுது மாமா, சாப்புடு," என்றாள் நிஷா.