பப்பாளி போட்ட கறி

எங்கள் வீட்டில் பயப்படுவதற்கென்று தனியாக ஆள் வைக்கவில்லை. அந்த வேலையைச் சிறுவயதில் நானே முழுநேரமாகப் பார்த்துக்கொண்டேன். மோட்டார் கொட்டகையில் ஓடும் பெல்ட்டுக்குப் பயம், கரும்பு ஏற்றிக்கொண்டு சாய்ந்தபடி போகும் டிராக்டருக்குப் பயம், பல்லி மேலே விழுந்தால் பயம், விழாமல் சுவரிலேயே இருந்தால் இன்னும் பயம். இவையெல்லாம் வந்து போகிற பயங்கள். மாதக்கணக்கில் என்னோடு சாப்பிட்டு, என்னோடு பள்ளிக்கூடம் வந்து, என்னோடு படுத்துத் தூங்கிய பயம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பப்பாளிக் காயால் வந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. ஏம்பலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பயிர் செய்தார்கள். அம்மாவும் சித்தியும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். பொங்கல் முடிந்து கரிநாள் அன்று, அம்மாவின் தம்பியான மாமா திருக்கனூரிலிருந்து ஆட்டுக்கறி வாங்கி வந்தார். பையைத் திறந்து பார்த்ததுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“இன்னாடா இது, கெழட்டுக் கடாவா? நாளெல்லாம் எரிச்சாலும் வேவாது போலக்கீதே.”

“கெழடு இல்லக்கா, அனுபவசாலி” என்றார் மாமா.

அம்மா என்னைக் கொல்லைக்கு அனுப்பினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பப்பாளி மரத்தில் கைக்கெட்டிய பச்சைக் காய் ஒன்றைத் திருகிப் பறித்தேன். காம்பு ஒடிந்த இடத்தில் பால் பொட்டுப்பொட்டாக வந்தது. அம்மா அதைத் தோலோடு அரைத்துக் கறியில் பிசைந்து மூடி வைத்தாள். முற்றல் கறி வந்தால் அவள் எப்போதும் செய்கிற காரியம்தான் அது.

மாமாவுக்குச் சும்மா இருக்க வராது. மெல்லிய கறித்துண்டு ஒன்றை டம்ளரில் போட்டு, பப்பாளிப் பாலும் கொஞ்சம் வெந்நீரும் விட்டு, தொட்டிச் சுவரில் வெயிலில் வைத்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒரு குச்சியால் அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டினார். அது தூக்க வரவில்லை. நார் நாராகப் பிரிந்து, கலங்கிய தண்ணீருக்குள்ளேயே வழுக்கி விழுந்தது.

“பாத்தியா? மாமிசம்னா வுடவே வுடாது. ஒன் வெரல வெச்சாலும் இதே கதிதான்.”

நான் பத்து விரலையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். மாமா புரையேறும்வரை சிரித்தார். அன்றைக்குக் கறி பூவாக வெந்திருந்தது. ஒருமுறைக்கு மேல் எதையும் கேட்டு வாங்காத சித்தி அன்று மறுபடி மறுபடி தட்டை நீட்டினாள். அம்மா சட்டியில் துழாவி நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து அவளுக்கே போட்டாள்.

சில வாரம் கழித்துச் சித்தி காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த சித்தப்பா இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். ஏற்கெனவே இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்காமல் போயிருந்ததால், சந்தோஷத்தைக்கூட எல்லோரும் மெதுவான குரலிலேயே பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் வழக்கமான குரலில் புத்தி சொன்னாள்.

“அன்னாசி, பப்பாளி, எள்ளு, இதெல்லாம் கண்ணுலயே காட்டாதீங்க. பப்பாளி பட்டுச்சின்னா கரு கரைஞ்சி பூடும்.”

எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. கணக்கில் நான் புலி இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு உடனே வந்துவிட்டது. கரிநாள் அன்றைக்கே குழந்தை உள்ளே இருந்திருக்கிறது. சித்தி வயிறு நிறையத் தின்றது பப்பாளி போட்ட கறி. அதைப் பறித்துக் கொடுத்தது நான்.

அன்று சாயங்காலமே அம்மா அரிவாளை எடுத்துப் போய் அந்தப் பப்பாளி மரத்தை வெட்டிச் சாய்த்தாள். அப்பா ஆள் விடுகிறேன் என்றதைக்கூட அவள் கேட்கவில்லை. ஓர்ப்படிமேல் இவ்வளவு அக்கறையா என்று தெருவே மெச்சியது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துக்கு அடுத்தபடி பறித்தவளுக்குத்தான் தண்டனை வரும் என்று தோன்றியது.

தண்டனை வரவில்லை. பயம் மட்டும் வளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் சித்தியின் வயிற்றைப் பார்ப்பேன். நேற்றைவிடச் சிறுத்திருக்கிறதா? எது முதலில் கரையும்? மாமா விரல் என்று சொல்லியிருந்ததால் விரலாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். பிறகு மூக்கு, காது. விரலும் மூக்கும் இல்லாத ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல நினைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன்.

“உள்ள இருக்குதா சித்தி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லாம எங்கடி பூடும்?” என்று சிரித்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் அதையே கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை விட்டுவிட்டுத் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவிடம் நடந்த மாற்றங்களை நான் பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை. அவள் கறி தின்பதை விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் பஸ் ஏறி வில்லியனூர் கோயிலுக்குப் போனாள். கேட்டால் முட்டிவலி தீர வேண்டுதல் என்றாள். முட்டிவலிக்காரி எதற்காகக் கோயிலை அத்தனை சுற்றுச் சுற்றுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதத்தில் ஒரு மத்தியானம், சித்தி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். புடவையில் ரத்தம். சித்தப்பாவும் அப்பாவும் ஆட்டோவில் அவளைப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா தண்ணீர் ஊற்றி வாசற்படியைக் கழுவினாள். கழுவிய இடத்தையே மறுபடி கழுவினாள். எனக்கு இனி தாங்காது என்று ஆனது.

“அம்மா, அந்தப் பப்பாளிக் காயி…”

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை. அடித்த மறுகணம் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து என்னை இழுத்து விலா நோகும்படி இறுக்கிக்கொண்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காயைப் பறித்ததற்காக அடித்தாள். பெற்ற பாவத்துக்காகக் கட்டிக்கொள்கிறாள். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. நடுங்குவது நான்தான் என்று நினைத்தேன்.

குழந்தை தங்கிவிட்டது. சித்தியைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஆவணியில் பெண் பிறந்தது. துணியை விலக்கி விரல்களை எண்ணினேன், கைக்கும் காலுக்கும் சரியாக இருந்தது. மூக்கு கொஞ்சம் சப்பை; அது சித்தப்பா கொடுத்தது. நான் நகர்ந்ததும் அம்மா அதே துணியை விலக்கி அதே விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். காதுமடலுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். என் வீட்டுப்பாடத்தைச் சரிபார்ப்பதுபோல இதையும் சரிபார்க்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

பிறகு நான் கல்லூரியில் உயிர்வேதியியல் எடுத்தேன். பயந்தவர்கள் எடுக்கிற பாடம் என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் வகுப்பில் பப்பாளிப் பாலில் இருக்கும் நொதியைப் பற்றி நடத்தினார்கள். அது ஒரு நீண்ட இழை. சுருண்டு மடங்கி இரண்டு உருண்டைகளாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். கறியின் புரதம் அந்தப் பள்ளத்தில் வந்து படிந்தால் துண்டாகிவிடும். புழு வந்து கடித்தால் மரம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதம் அது. ஆனால் கொதிக்கவைத்தால் அந்த இழையே குலைந்துபோகும். உருண்டை இல்லை, பள்ளம் இல்லை, வெட்டும் இல்லை. பச்சையாகத் தின்றால் கதை வேறு. வெகுநேரம் கொதித்து வெந்த கறியில் அது செத்துத்தான் கிடக்கும்.

வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் பயத்தையெல்லாம் முதல்முறையாக அவளிடம் கொட்டினேன். டம்ளர், விரல்கள், வாங்கிய அறை, எல்லாம். அப்புறம் பாடத்தையும் சொல்லி, “அன்னிக்கி அந்தக் கறியில ஒன்னுமே இல்லம்மா” என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த கீரைக் காம்பைக் கீழே வைத்தாள்.

“அப்ப, அதுக்கு முன்னாடி அவளுக்கு ரெண்டு தங்கலியே” என்றாள். “அப்பவும் நாந்தான் ஆக்கிப் போட்டேன். பப்பாளி போட்டுத்தான். அதுவும் என்னால இல்லியாடி?”

“உன்னால இல்லம்மா.”

“இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள்.