மூன்று விரல் தண்ணீர்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்க்கிறவனுக்குச் சொற்களின் மேல் ஒரு சந்தேகப் புத்தி வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்தது. வீட்டில் பால் கெட்டுப்போச்சு என்றால்கூட, தானாகக் கெட்டதா, யாராவது கெடுத்தார்களா என்று கேட்பேன். "பால் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். கோர்ட்டை அங்கயே வச்சிட்டு வாங்க" என்பாள் என் மனைவி. மலாக்காவில், தெங்கேராவில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

ஒன்றை அசுத்தமாக்குவதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள். எல்லாம் ஒன்றுதானே என்று வாயில் வந்ததைச் சொன்னால் ஒரு மனிதனை உள்ளே தள்ளிவிடலாம். அடல்ட்டரேட் என்றால் ஒருவன் தெரிந்தே மட்டமானதைக் கலக்கிறான். அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது, ஓர் ஆசை இருக்கிறது. எடை கூடட்டும் என்று ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் செய்வது அது. அதே பால் மரத்தில் கட்டிய கோப்பையில் இருக்கும்போது மழை பெய்துவிட்டால் அது கண்டாமினேட். பால் பாழ்தான், ஆனால் பிடித்துக் கேட்க ஆள் இல்லை. பொல்யூட் பெரிய இடத்துச் சொல், ஆற்றுக்கும் காற்றுக்கும் போடுவது. தண்ணீர் வற்றிய நேரத்தில் மலாக்கா ஆற்றங்கரையில் நின்றவனுக்கு அகராதி தேவையில்லை. டெயிண்ட் லேசானது. பிளாச்சான் என்கிற இறால் விழுது இருந்த டின்னில் பிஸ்கட் போட்டு வைத்தால் பிஸ்கட்டுக்கு வருவது. அந்த வருஷங்களில் அது பிஸ்கட்டைவிட மனிதர்களுக்குத்தான் அதிகம் வந்தது. அண்ணன் காட்டுக்குள் போய்விட்டான் என்றால் தம்பிக்கும் அந்த வாடை அடித்தது. டிஃபைல் என்பதற்கு முதலில் புனிதமான ஒன்று வேண்டும். பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸ் காலோடு கோயிலுக்குள் சோதனை போட வந்தபோது எங்கள் ஆட்கள் மனசுக்குள் சொன்னது அந்தச் சொல்தான், வாய்விட்டுச் சொல்லவில்லை. எச்சில் என்பதற்கு மட்டும் வெள்ளைக்காரனிடம் சொல்லே கிடையாது. இதைச் சொல்லி நான் கொஞ்சம் பீற்றிக்கொள்வதும் உண்டு.

இந்தப் பீற்றலெல்லாம் ஒரு பால்காரரின் வழக்கில் அடங்கிப்போனது.

அவர் டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டைச் சேர்ந்தவர். வயது ஐம்பது இருக்கும். நாலைந்து மாடு வைத்திருந்தார். காட்டில் இருக்கிறவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, கேட்டில் மாத்தா-மாத்தா என்று நாங்கள் சொல்கிற போலீஸ்காரர்களைக் காவல் வைத்திருந்த காலம். வெளியே போக அவருக்கு ஒரு பாஸ் கொடுத்திருந்தார்கள். அது இருந்தால்தான் வேலிக்கு வெளியே புல் அறுக்கலாம், சைக்கிளில் பாலைக் கொண்டுபோய் டவுனில் விற்கலாம். அது போனால் மாடும் போச்சு, பிழைப்பும் போச்சு. ஒரு நாள் கோப்பிக்கடை வாசலில் சுகாதார இன்ஸ்பெக்டர் அவருடைய பாலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நிறையத் தண்ணீர் இருப்பதாக முடிவு வந்தது. வழக்குப் போட்டார்கள்.

வழக்குக்கு முன்னால் ஆளோடு இரண்டு வார்த்தை பேசிப் பார்ப்பது என் வழக்கம். அவர் பேசுவது எனக்கும் நான் பேசுவது அவருக்கும் புரிய வேண்டும் அல்லவா? வராந்தாவில் ஒதுங்கி நின்றிருந்தார். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"தம்பி, கேட்ல நிக்கிற மாத்தா-மாத்தா பாலை நம்ப மாட்டானுங்க. அடியில அரிசி, மருந்து ஏதும் ஒளிச்சிருக்கேனான்னு பாக்க, அவனுங்க வாளியில ஊத்திட்டு, டின்னுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, திரும்ப இதுல ஊத்துவானுங்க. அந்த வாளியில எப்பவும் மழத்தண்ணி கெடக்கும். கவுத்திட்டு ஊத்துங்கன்னா சிரிப்பானுங்க."

"இதை உள்ள சொல்லுங்கண்ணே" என்றேன்.

"ஐயோ, நீங்க வேற. அங்க இதைச் சொன்னா நாளைக்கு எனக்குக் கேட்டு தொறக்காது. நீங்களும் வாயத் தொறக்காதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன்."

நான் வாயைத் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது. கூண்டில் நிற்கிறவர் சொல்வதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மாஜிஸ்திரேட் ஒரு நடுவயது வெள்ளைக்காரர். பொறுமைசாலி, நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். பாலில் தண்ணீர் சேர்த்தீர்களா என்று முதல் கேள்வி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஆமாங்கய்யா, விட்டேன்" என்றார் பால்காரர். உண்மையைச் சொல்வதில் ஒரு தயக்கமும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். போலீஸ் தரப்பில் வழக்கு நடத்திய அதிகாரி காகிதங்களை மடிக்கவே ஆரம்பித்துவிட்டார். மாஜிஸ்திரேட் மட்டும், ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டார்.

"தண்ணி படாத பாலை அடுப்புல வச்சா பசுவுக்கு மடி எரியுமுங்க. நம்ம ஆளுங்க வீட்ல காய்ச்சறதுக்கு முன்ன அவங்களே தெளிச்சுக்குவாங்க. கோப்பிக்கடை நடத்துற தவுக்கே சீனரு, அவருக்கு இதெல்லாம் தெரியாதுல்ல? அதான் நானே தெளிச்சுக் குடுத்துர்றது."

என் வீட்டிலும் மனைவி அப்படித்தான் செய்வாள். தினம் கண்ணால் பார்க்கிற காரியம். அதற்கு ஆங்கிலத்தில் சொல் தேடியபோதுதான் முழித்தேன். மேலே சொன்ன ஐந்தில் ஒன்றும் ஒட்டவில்லை. மாட்டின் மேல் உள்ள பயத்தில், பாலுக்கு நல்லது என்று நினைத்து விடுகிற தண்ணீர் அது. சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, அவர் சொன்னதை வரிக்கு வரி அப்படியே சொன்னேன். எவ்வளவு என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பால்காரர் மூன்று விரலைச் சேர்த்து, இல்லாத பாத்திரத்தில் நனைத்து, உதறிக் காட்டினார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்தார்.

"இந்தத் தண்ணீரைப் பசுவுக்கே விட்டுவிடுகிறேன். இதை நான் கலப்படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோதனையில் தெரிந்த தண்ணீர் விரலில் வந்தது இல்லையே. மீதி எங்கிருந்து வந்தது? உங்களைத் தவிர வேறு யாராவது அந்தப் பாலைத் தொட்டார்களா?"

கதவை இதைவிட அகலமாக யாரும் திறந்துவிட முடியாது. நான் கேள்வியை நிறுத்தி நிதானமாகத் தமிழில் கேட்டேன். தொட்டார்களா என்பதில் கொஞ்சம் அழுத்தம்கூடக் கொடுத்தேன். அதற்கே என் வேலை போயிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, கதவோரம் கைகட்டி நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார். அந்த ஆள் மலாக்காவில் வேலை செய்கிறவர், அந்தக் கேட்டையே பார்த்திருக்க மாட்டார். ஆனால் சட்டை ஒரே சட்டைதானே.

"யாரும் தொடலைங்க. அதையும் நான்தான் ஊத்துனேன்."

ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட்டின் முகம் மாறியது. அப்படியானால் நீ அடல்ட்டரேட் செய்தாய் என்றார். அதைத் தமிழாக்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை. "அப்படின்னா நீங்க பால்ல கலப்படம் பண்ணியிருக்கீங்க" என்று, அவர் பண்ணவில்லை என்று தெரிந்த என் வாயாலேயே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை. அபராதம் விதித்தார்கள். இது முதல் தடவை என்பதால் இத்தோடு விடுகிறேன், இன்னொரு முறை பாலில் தண்ணீர் இருந்தால் பால் விற்கும் லைசென்சே போய்விடும் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்தார். அதையும் நான்தான் சொன்னேன்.

அபராதத்தைக் கட்டிவிட்டு அவர் வெளியே வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே நீங்க, அவரே வழி விட்டாரு. சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தத் தொரை இன்னிக்கு ஒரு நாள் கேக்குறாரு தம்பி. கேட்ல நான் தெனம் நிக்கணும்லா."

சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார். ஏதோ கேட்க வந்து, எப்படிக் கேட்பது என்று யோசிப்பது தெரிந்தது.

"இனிமே கலக்கக் கூடாதுன்னு சொன்னாருல்ல? நான் விரல்ல தெளிக்கிறத நாளைக்கே நிறுத்திர்றேன். மாட்டுக்கு வர்றது வரட்டும். ஆனா நான் கலக்காதது இருக்கு பாருங்க, அத எப்படித் தம்பி நான் நிறுத்துறது?"

உள்ளே அடுத்த வழக்குக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போய் நின்றேன்.