அவுக சொன்னாக

முனீஸ்வரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாமலே ஐம்பத்து மூன்று வயது ஓடிவிட்டது. அப்படி இருக்கையில்தான் தேனியில் ஒரு மெஷின் கடையில், ஒரு சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, அவளுக்குப் புருஷன் வந்து சேர்ந்தார். அவள் போனதென்னவோ மரம் அறுக்கிற மெஷின் வாங்க.

கோம்பையில் ஊர் முடிந்து தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. கொல்லையில் ஒரு வாகை மரம் நின்றது. ஆடிக் காற்று மலையை விட்டு இறங்கினால் கோம்பையில் கதவைத் தாழ் போடாமல் உட்கார முடியாது. அந்த வருஷக் காற்று வாகையை வேரோடு சாய்த்துவிட்டது. வீட்டின் மேல் விழாமல் ஓரடி தள்ளி விழுந்தது. நல்லவேளை, உன் மேல் விழவில்லை என்று சொல்லக்கூட அவளுக்கு ஆள் இல்லை. காலையில் எழுந்தாள், மரம் படுத்துக் கிடப்பதைப் பார்த்தாள், பல் விளக்கப் போனாள்.

மரம் கிடக்கிற செய்தி தெரிந்து வியாபாரிகள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வீட்ல ஆம்பளையாளு யாரும் இல்லையாத்தா?" இல்லை என்றதும் நல்ல வைரம் பாய்ந்த மரத்துக்கு விறகு விலை பேசினார்கள். மூன்றாவது ஆளை அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அவளுக்கு அந்த மரத்தில் ஒரு கட்டில் வேண்டும். அப்பா போனபோது அவளுக்கு இருபத்து நாலு வயது, தங்கைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவர்களைக் கட்டிக் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது இவளைக் கேட்டு வர யாரும் மிச்சமில்லை. இரண்டு கல்யாணத்துக்கும் உத்தமபாளையம் கடையில் கட்டில் பார்த்து, காலைத் தட்டிப் பார்த்து, சீரோடு ஏற்றி அனுப்பியவள் அவள்தான். கல்யாணம் ஆகாதவளுக்குச் சீர் ஏது? பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர் வேலை பார்க்கிறவள் இன்றைக்கும் பாயில்தான் படுக்கிறாள். வசதி இல்லாமல் இல்லை. கடையில் ஒரு கட்டிலைக் காட்டி 'இது எனக்கு' என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது கட்டில் தானாக வந்து கொல்லையில் விழுந்திருக்கிறது. ஐப்பசி மழைக்குள் அறுத்து அடுக்காவிட்டால் பூச்சி விழுந்து போகும். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் கட்டில் இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மரம் அறுக்கிற சா மில்லுக்குக் கொண்டுபோகலாம் என்றால் சந்துக்குள் கிரேன் வராது. ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே போனில் தேடியதில், எங்கோ பனி பெய்கிற ஊரில் ஒருவர் சின்ன ரம்ப மெஷினை வைத்துக்கொண்டு வீட்டு மரத்தைப் பலகை பலகையாக உரித்துக்கொண்டிருந்தார். அவரும் தனியாகத்தான் இருந்தார். முனீஸ்வரி அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தாள். பிறகு கிராம அலுவலகத்திலும் வனத்துறை அலுவலகத்திலும் போய் நின்று, சொந்த மரம், சொந்த உபயோகம் என்று எழுதிக் கொடுத்துக் காகிதம் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் தேனிக்கு பஸ் ஏறினாள்.

கடையில் சூரியபிரகாஷ் என்று முப்பது வயது விற்பனையாளர் இருந்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவனும் அவள் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினான்.

"சார் வரலையா மேடம்?"

ஆயுசு முழுக்க இந்தக் கேள்விக்கு அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு.

"அவுகளுக்கு வேலை இருக்கு தம்பி."

தமிழில் இது ஒரு வசதி. புருஷன் என்றால் பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், போட்டோ வேண்டாம். அவுக என்று மூன்று எழுத்துச் சொன்னால் ஒரு முழு மனுஷர் எழுந்து நின்றுவிடுவார். உடனே நாற்காலி வந்தது, டீ வந்தது. விறகு விலை பேசுகிற குரல் காணாமல் போனது.

"ரெண்டு வகை இருக்கு மேடம்," என்றான் சூரியபிரகாஷ். "ஒண்ணு பேண்டு சா. தண்டவாளம் மாதிரி ரெண்டு கம்பி, அதுமேல ரம்பம் ஓடும். மரத்தை உருட்டி மேடையில ஏத்தணும். பிளேடு மெல்லிசு, தூளு கம்மி, பலகை வழுவழுன்னு வரும். இன்னொண்ணு செயின் சா, அதுல ஒரு சட்டத்தை மாட்டிக்கிறது. மரம் கிடக்கிற எடத்துக்கே மெஷின் போயிரும். ஆனா தூளு ஜாஸ்தி, பலகை சொரசொரன்னு இருக்கும், வேலையும் மெதுவு."

"அவுகள்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்," என்று எழுந்தாள். பஸ் ஸ்டாண்டில் அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கினாள். எப்போதும் கால் கிலோதான் வாங்குவாள், அதுவே மிச்சப்படும்.

வாரத்துக்கு இரண்டு தடவை சூரியபிரகாஷ் போன் செய்தான். "சார் என்ன சொன்னாக மேடம்?"

"தூளு வீணாப் போறது அவுகளுக்குப் பிடிக்கல தம்பி. பேண்டு சாவே பாப்போம்னு சொன்னாக."

இன்னொரு நாள், "பிளேடு மழுங்கினா எங்க சாணை பிடிக்கிறதுன்னு அவுக கேக்குறாக."

தானே கேட்டிருந்தால் இவளுக்கு என்ன தெரியும் என்று சிரிப்பார்களோ என்கிற சந்தேகங்களை எல்லாம் அவுக கேட்டார். பதில் மரியாதையாக வந்தது. அவுக சிக்கனக்காரர், அவசரப்படாதவர், சத்தம் போட்டுப் பேசாதவர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. கட்டிலுக்கு அளவு குறித்த நோட்டில் அகலம் மூன்றடி என்று எழுதியிருந்தாள். இரண்டாவது வாரம் அதை அடித்துவிட்டு ஐந்தடி என்று எழுதினாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

தனியாக இருப்பது அவளுக்குப் புதிது இல்லை. கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டி மாட்டுவாள், காய்ச்சல் வந்தால் தானே கஞ்சி வைத்துக்கொள்வாள். ஆனால் இப்போதெல்லாம் போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது. இல்லாத ஒருவர் எழுந்து போன இடம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மூன்று நாள் அதற்காக அழக்கூடச் செய்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் பேண்டு சாவை ஓட்டிக் காட்டினார்கள். பலகை உண்மையிலேயே வழுவழுவென்று வந்தது. அதற்கு முன்னால் மரத்தை உருட்டி மேடையில் ஏற்ற வேண்டியிருந்தது. சூரியபிரகாஷ் கொக்கி வைத்த நெம்புகோல் ஒன்றை அவள் கையில் கொடுத்தான்.

"இந்த மொனையில நீங்க. அந்த மொனையில சார். ரெண்டு பேரும் ஒண்ணா நெம்பணும்."

அந்த முனையில் அவன் நின்றபோது மரம் சொன்னபடி உருண்டது. "கொஞ்சம் விடுங்க தம்பி," என்று அவனை விலகச் சொல்லிவிட்டு அவள் மட்டும் நெம்பினாள். மரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. அது சின்ன மரம். வாகையை ஏழடித் துண்டாக்கினாலும் முக்கால் டன் இருக்கும். நெம்புகோல் பாடத்துக்கு வருஷா வருஷம் சாமான் எடுத்து வைக்கிறவளுக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

"ஒத்தை ஆளா இதச் செய்ய முடியுமா?"

"முடியாது மேடம். ஒத்தை ஆளுன்னா நான் செயின் சாதான் குடுப்பேன். ஒங்களுக்கெதுக்கு அது? சார்தான் இருக்காகளே." அவன் பில் புத்தகத்தைத் திறந்தான். "சார் பேருலயே போட்டுரவா? பேரு சொல்லுங்க."

அவள் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் அம்மாவும் அப்பா பேரை வாயால் சொல்ல மாட்டாள். "சொல்ல வேணாம் மேடம், எழுதிக் காட்டுங்க," என்று பேனாவை நீட்டினான்.

பேனாவை வாங்கிக்கொண்டாள். ஏதாவது ஒரு பேர் எழுதினால் போதும், உலகத்தில் பேருக்கா பஞ்சம்? எழுதினால் அவுக இருப்பார். மெஷினும் கொல்லைக்கு வந்து நிற்கும், மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் துரு ஏறும். எழுதாவிட்டால் கட்டில் உண்டு, அவுக இல்லை. பேனாவைப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"அவுக இல்ல தம்பி. செயின் சாவே குடுங்க."

சூரியபிரகாஷ் எழுந்து நின்றுவிட்டான். ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"எப்பம்மா?" மேடம் அம்மாவாகிவிட்டாள். "புதங்கிழமைகூட சார் கேட்டாகன்னு சொன்னீகளே."

அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. அது நடிப்பு இல்லை. அன்றைக்குக் காலை வரை கூட இருந்தவர் போய்விட்டார், அவருக்காக அழ இந்த உலகத்தில் அவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? கடைப்பையன்கள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். பில் அவள் பேரில் எழுதப்பட்டது. திரும்பும்போது பஸ்ஸில் நோட்டை எடுத்து ஐந்தடியை அடித்துவிட்டு மூன்றடி என்று எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூரியபிரகாஷ் தானே மெஷினைக் கொண்டு வந்தான். மரத்தின் மேல் ஏணியைக் கிடத்தி, அதன் மேல் சட்டத்தை ஓட்டி முதல் வெட்டு எப்படிப் போடுவது என்று காட்டினான். காதுக்கு, கண்ணுக்கு, காலுக்கு மாட்டுவதெல்லாம் காட்டினான்.

"ஒண்ணு மட்டும் சத்தியமாச் சொல்லணும்மா. கூப்பிடு தூரத்துல ஒரு ஆளு இல்லாம இத ஸ்டார்ட் பண்ணாதீக. யாரு இருக்காக?"

கூப்பிடு தூரத்தில் இருந்தது மூக்கம்மாள் வீடு ஒன்றுதான். அந்த வீட்டோடு பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. வாகையின் காய்ந்த நெற்று எல்லாம் தன் வாசலில் விழுகிறது, கூட்டி மாளவில்லை என்று மூக்கம்மாள் சண்டை பிடித்தாள். முனீஸ்வரியும் விடவில்லை. காற்றைப் போய்க் கேள் என்றாள். அவள் யோசிப்பதற்குள் சூரியபிரகாஷ் வேலியைத் தாண்டிப் போய் மூக்கம்மாளைக் கையோடு கூட்டி வந்துவிட்டான்.

"நீங்கதான் பாத்துக்கணும்மா. சார் தவறினதுலருந்து இவுக ஒண்டியா இருக்காக."

"எந்தச் சாரு?" என்றாள் மூக்கம்மாள்.

முனீஸ்வரி தலையைத் திருப்பி மரத்தைப் பார்த்தாள். மூக்கம்மாள் இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அந்தி சாய்வதற்குள் கோம்பை முழுக்கச் சிரிக்கும். மூக்கம்மாள் அவளைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். நெற்றுச் சண்டையில் எடுத்த வாயை மூடாத பொம்பளை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"ஆமாய்யா. நல்ல மனுசன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாக. பக்கத்து வீட்ல இருக்கோம், எங்களுக்கே அவுக சத்தம் கேட்டதில்ல."

சூரியபிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினான். வண்டிச் சத்தம் சந்து முனையில் மறைந்தது. மூக்கம்மாள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏத்தா முனீசு."

"என்னக்கா."

"அவுகளுக்கு என்ன பேரு?"

முனீஸ்வரி கண்ணாடியை மாட்டினாள். மெஷினின் கயிற்றைப் பிடித்தவள் கையை நிறுத்தினாள்.

"புருசன் பேர எப்பிடிக்கா சொல்றது?"

"அதுவுஞ் செரிதான்," என்றாள் மூக்கம்மாள். சிரிக்கவில்லை.

முனீஸ்வரி கயிற்றை இழுத்தாள். அந்த மெஷின் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. ஆனாலும் முதல் பலகை கழன்று விழுகிற வரைக்கும் மூக்கம்மாள் அந்த வாளியை விட்டு எழுந்து போகவில்லை.