மிரட்டினவருக்கு வரும் போன்

நான் எழுதுகிற செய்தி நாலு வரிக்கு மேல் போகாது. எட்டாவது வரை படித்தவனுக்கு அது போதும். சங்கரன்கோவிலில் எனக்குப் பேப்பர் ஏஜென்சி. பழைய நிருபர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. பெரிய வருமானம் கிடையாது. ஆனால் விட மனசில்லை.

மாசியில் திடீரென்று ஒரு மழை. புதிதாகக் கட்டின வாய்க்கால் பாலம் அந்த ஒரு மழைக்கே உட்கார்ந்துவிட்டது. போனில் படம் எடுத்து செய்தி அனுப்பினேன். பாலம் கட்டின கான்டிராக்டர் எனக்குப் பங்காளி. அண்ணாச்சி முறை. மறுநாள் கடைக்கு வந்தார்.

"ஏலே, கையை ஒடிச்சிருவேன்" என்றார்.

கையை ஒடிக்கவில்லை. போனைப் பிடுங்கி, கடைக்கு முன்னால் ஓடுகிற சாக்கடையில் போட்டார்.

போன் இல்லாத நிருபர், நூல் இல்லாத தறி. படம் இல்லாமல் இப்போது யாரும் செய்தி போடுவதில்லை. ஆபீஸில் கொஞ்ச நாள் பார்ப்பார்கள். பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். புதுப் போன் வாங்க வழியில்லை. ஸ்டேஷனுக்குப் போகலாம். பங்காளி மேல் எழுதிக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? போகவில்லை. "சனியன் விட்டுதுன்னு இருங்க" என்றாள் வீட்டுக்காரி. தன் பட்டன் போனை மட்டும் கொடுத்தாள்.

மாவட்ட ஆபீஸில் செய்தி வாங்குகிற தம்பி ஒரு நம்பர் தந்தார். சென்னையில் ஒரு அறக்கட்டளை. பத்திரிகைக்காரனுக்கு அடி, மிரட்டல், வழக்கு என்றால் உதவுவார்கள். அதற்கென்றே நிதி வாங்கி வைத்திருக்கிறார்கள். பேசினது ஒரு பொம்பளைப் பிள்ளை. நல்ல மரியாதை.

"சார், உங்க உயிருக்கு ஆபத்து இருக்கா?"

"போனுக்கு இருந்தது. போயிட்டு."

"இப்ப மனசு எப்படி இருக்கு சார்?"

"இருக்கு."

அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. ஒரு பக்கத்துக்காவது எழுத வேண்டுமாம். நிதி கொடுக்கிறவர்கள் கேட்பார்களாம். என்னிடம் ஒரு வரி தேறவில்லை.

பிறகு விவரம் சொன்னாள். மிரட்டினது உண்மை என்று என்னைத் தவிர இன்னொருத்தர் சொல்ல வேண்டும். ஆபத்து இன்னும் தீரவில்லை என்றும் தெரிய வேண்டும். தீர்ந்துபோன ஆபத்துக்கு நிதி கிடையாது.

பார்த்த ஒரே ஆள் எதிர்த்த டீக்கடைக்காரர். அவர் இருக்கிற கட்டிடம் அண்ணாச்சியுடையது. "நான் அப்ப பால் காய்ச்சிக்கிட்டு இருந்தேன்வே" என்றார்.

"தெருவைப் பாத்துக்கிட்டா?"

"பால் பொங்கிரும்லா" என்று உள்ளே போய்விட்டார்.

அதோடு காரியம் நின்றது. பங்குனி உத்திரம் வந்தது.

எங்கள் குலசாமி சாஸ்தா ராயகிரி பக்கம் குளத்தங்கரையில் இருக்கிறார். அன்றைக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் போயாக வேண்டும். சண்டைக்காரனும் போக வேண்டும், ஒரே பந்தியில் உட்கார வேண்டும். அந்தச் சாமி நடையில் நின்று பொய் சொன்னவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் ஆட்கள் நம்பிக்கை. இலையில் சோறு விழுந்த நேரம் பட்டன் போன் அடித்தது. சென்னைப் பிள்ளை.

"சார், பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா?"

"கோயில்ல."

"மிரட்டினவர் இப்ப எங்க இருக்கார்னு தெரியுமா?"

"தெரியும். சாம்பார் ஊத்துதார்."

அந்தப் போனில் சத்தத்தைக் குறைக்க முடியாது. பந்தி முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி வாளியோடு நின்றுவிட்டார்.

"சார், உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"ஆமா. போதும்னா விட மாட்டேங்காங்க."

"யாருலே அது?" என்றார் அண்ணாச்சி.

"மெட்ராஸ். நீங்க மிரட்டினது நெசமான்னு கேக்காங்க."

பந்தியில் ஒருத்தரும் மெல்லவில்லை. அண்ணாச்சி சாமி நடையைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

"ஆமாம்மா. நாந்தான் மிரட்டினேன். போனைச் சாக்கடையில போட்டதும் நாந்தான்."

"இனிமே அப்படி நடக்காதுன்னு உறுதி சொல்ல முடியுமா சார்?"

முடியும் என்று சொல்லியிருந்தால் எனக்கு வர வேண்டிய போன் அன்றோடு போச்சு. அண்ணாச்சி இன்னொரு தடவை நடையைப் பார்த்தார்.

"அது எப்படிம்மா சொல்ல முடியும்? அவன் எழுதுததைப் பொறுத்துல்லா இருக்கு!"

டைப் அடிக்கிற சத்தம் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி கேட்டது. அந்தப் பிள்ளை எல்லாம் விசாரித்தாள். அண்ணாச்சிக்குப் பேச்சு என்றால் இஷ்டம். சிமெண்டு விலையில் ஆரம்பித்து, ரசம் வந்து போகும்வரை பேசினார்.

சித்திரையில் புதுப் போன் வந்தது. கேமரா நன்றாக இருந்தது.

அந்த நிதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. உதவி வாங்கினவன் எப்படி இருக்கிறான் என்று அவர்கள் விடாமல் விசாரித்து எழுத வேண்டும். என்னிடம் விசாரித்தாள். "இருக்கேன்" என்றேன். அடுத்த தடவை "பரவால்ல" என்றேன். அதற்கப்புறம் என்னை விட்டுவிட்டு அண்ணாச்சிக்கே போன் போட ஆரம்பித்தாள். நம்பரைக் கோயிலிலேயே வாங்கி வைத்திருக்கிறாள்.

அதிலிருந்து என் சௌக்கியமெல்லாம் அவர் வழியாகத்தான் சென்னை போகிறது.

"காலையில பாத்தேம்மா. வண்டியில போனான். கொஞ்சம் எளைச்சிருக்கான். சுகர் பாக்கச் சொல்லியிருக்கேன்."

பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்துவார். "ஏலே, ஹெல்மெட்டைப் போடுலே. ஒனக்கு ஒண்ணுன்னா நான்லா அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லணும்."

எல்லா ஊரிலும் இப்படித்தானா என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டேன். "இல்ல சார். சில ஊர்ல நான் போன் பண்ணும்போது எடுக்க ஆளே இருக்கிறதில்ல" என்றாள்.

ஆனியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் விரிசல் விட்டது. அதுவும் அண்ணாச்சி கட்டினதுதான். ஒரு நாள் யோசித்தேன். மத்தியானம் பிள்ளைகள் அந்தச் சுவரடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். படம் எடுத்து அனுப்பினேன்.

பேப்பர் வந்த காலையிலேயே கடைக்கு வந்தார். பேப்பரை மேசையில் ஓங்கி அடித்தார். என் போன் மேசையில்தான் இருந்தது. அவர் கை அதற்குப் போனது. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது; எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பிள்ளையும் எங்கள் பேப்பர் பார்க்கும்போல.

"சார், இன்னைக்குச் செய்தி பாத்தேன். அவர் பத்திரமா இருக்காரா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் இருக்காம்மா."

"நீங்க எங்க இருக்கீங்க சார்?"

"அவன்கூடத்தான்."

அந்தப் பக்கம் டைப் அடிக்க ஆரம்பித்தாள். அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார். போனை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"சுவரை எப்ப சரி பண்ணுவீங்க அண்ணாச்சி?"

"அதையும் போடுவியோ?"

"சொன்னா போடுதேன்."

தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை ஆள் வரும்னு போடு."

"எந்த வெள்ளி?"

"வாற வெள்ளிதாம்லே!" என்று கத்தினார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

போட்டேன்.