சோறு கேட்கும் பாடகர்

பனிமலை ஊரான இன்டர்லாக்கனின் ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகம். வாசலில் ஜப்பானியப் பயணிகளின் பேருந்து வந்து நிற்கிறது. அவர்கள் உள்ளே வராவிட்டால் நாளை முதல் சோறும் கறியும் கிடையாது, சீஸ் மட்டும்தான் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சமையல் செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை, வழக்கமாகச் சாப்பிட வரும் என்னைப் பிடித்துக்கொள்கிறார்.

"தம்பி, அந்த ஜப்பான் ராக் பாடகரின்ர பாட்டெல்லாம் தெரியுமெண்டீர். திறமான ஒண்டு சொல்லும், போடுவம். கேட்டா உள்ள வருவினம்."

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எதற்கும் ஒரு வரியில் பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆரம்பப் பாடல்களின் கோபம், பிந்தியவற்றின் தனிமை என்று தொடங்குகிறேன். பயணிகள் பக்கத்துக் கடையைப் பார்க்கிறார்கள்.

"நிப்பாட்டும் ஐசே! நான் அந்தச் சோத்துப் பாட்டைப் போடுறன்."

"சோறு இல்லண்ணே, சொரா. ஜப்பான் மொழியில வானம்னு அர்த்தம். அது பிரபஞ்சத் தவிப்பு."

"இந்தக் கத்துக் கத்துறார், வானத்துக்கோ? பசி, தம்பி."

ஒலிபெருக்கியில் பாடகர் "சோ...ரா" என்று தொண்டை கிழிய அழைக்கிறார். ஜப்பானியப் பெண்மணி ஒருவர் நின்று கேட்டு, கூடவே பாடிக்கொண்டு உள்ளே வருகிறார். அவர் பின்னால் பேருந்தே வருகிறது.

"பாத்தீரோ, சோறா சோறா எண்டு கேட்டுக்கொண்டெல்லோ வருகினம்!" அண்ணை பானையைத் திறக்கிறார்.

வானத்தைப் பற்றி விளக்க இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் சோற்றில் ஆவி பறக்கிறது. நானும் தட்டை நீட்டுகிறேன்.