மூட்டைக்குப் பதில் ஆட்கள்

இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. வண்டன்மேட்டில் என் அம்மா கூலிவேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டத்துக்கு வண்டி வாங்க, ஏஜென்ட்டுகள் ஒரு ஜீப்பையும் ஒரு பிக்கப் வேனையும் கொண்டுவந்தார்கள். லோடு ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு சேற்றுச் சரிவில் எது ஏறுகிறதோ, அதை வாங்குவதாகப் பேச்சு. குடும்பத்திலேயே முதன்முதலாகப் படித்து, தோட்ட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்த நானும் பார்க்க நின்றேன்.

"காய் மூட்டை கவுந்தா நஷ்டம். ஆளுங்கள ஏத்து," என்றார் மேனேஜர்.

காய் எடுக்கும் பெண்கள் சிரித்துக்கொண்டே ட்ரெய்லரில் ஏறினார்கள். நடுவில் என் அம்மா.

"ஆளு கவுந்தா என்ன சார்?" என்று கேட்டேன்.

"ஏட்டி, சும்மா கெட! ஒரு நாளாச்சும் நடக்காம போறோம்ல," என்று அம்மாவே அதட்டினாள்.

முதலில் கட்டிய வேன் பாதிச் சரிவில் பின்னால் சறுக்கியது. ட்ரெய்லர் பள்ளத்துப் பக்கம் சாய, பெண்கள் அலறினார்கள். நல்லவேளை, ஒரு மரத்தில் முட்டி நின்றது.

"சரி, இதே லோடோட ஜீப்புல மாட்டு," என்றார் மேனேஜர்.

நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினேன். "மூட்டைய ஏத்துங்க சார். இல்லேன்னா நீங்க ஏறுங்க!" என்றேன். இந்த முறை அம்மா அதட்டவில்லை. மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

மூட்டைகளோடு ஜீப் ஏறிவிட்டது, அதையே வாங்கினார்கள். எந்த வண்டி நன்றாக இழுத்தது என்பது மற்றவர்களுக்கு மறந்திருக்கலாம். என் அம்மாவை 'லோடு' என்றதை நான் மறக்கவில்லை.